பேச்சிப்பாறையில் ஒரு பனியாறு!

ஆசிரியரிடமிருந்து போன் வந்தாலே எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அன்றைக்கும் கரைத்தது.

"துருவப் பிரதேசத்துல சின்னச் சின்னதா பனியாறுகள் இருக்காம். வருஷா வருஷம் அதுல எவ்வளவு பனி சேருது, எவ்வளவு கரையுதுன்னு அளந்துக்கிட்டே இருக்காங்களாம். ஒரு பயணக் கட்டுரை வேணுமே!"

"பேஷா எழுதிடலாம் சார். போயிட்டு வர டிக்கெட்..."

"இப்ப எங்கே இருக்கீங்க?"

"மாமியார் வீட்ல சார். நாகர்கோவில் பக்கம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அங்கேருந்தே எழுதிடுங்க. பஸ் சார்ஜ் வேணும்னா தரச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மேப்பை எடுத்துப் பார்த்தேன். கன்னியாகுமரி, பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆசிரியர் கேட்கிற சமாசாரம் இருப்பது நார்வே நாட்டுக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில், 79 டிகிரியில். நடுவில் 71 டிகிரி! கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐஸ் என்றால் சின்னமுட்டம் துறைமுகத்தில் மீன் பெட்டிக்குள் போடுகிற ஐஸ்தான். அதை வருஷா வருஷம் அளப்பதாவது! சாயங்காலம் வரை கரையாமல் இருந்தாலே பெரிய விஷயம்.

ராத்திரி முழுக்க செல்போனில் மேய்ந்து பனியாறு பற்றிப் படித்துவிட்டு, சிவந்த கண்களோடு காலையில் திண்ணைக்கு வந்தேன். மாமனார் ஈஸிசேரில் பேப்பரோடு சாய்ந்திருந்தார்.

மாமனார் பேப்பர் படிக்கிற அழகே தனி. தலைப்புச் செய்தி, சினிமா, கொலை, கிரிக்கெட் எதுவும் அவருக்கு லட்சியம் இல்லை. நேரே உள்பக்கம். 'அணைகளின் நீர்மட்டம்' என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, அது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல் என்று ஷேர் மார்க்கெட் பார்க்கிற சேட்டு மாதிரி ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். அப்புறம் உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரியைப் பிரித்து, நடுங்குகிற கையால் ஒரு எண்ணை எழுதினார். பக்கத்தில் 'மடை வரல்லை' என்று ஒரு குறிப்பு.

"இது என்ன மாமா?"

"பாஸ்புக்காக்கும்" என்றார்.

உள்ளே டிரங்குப் பெட்டியில் இன்னும் 35 டைரிகள் இருக்கின்றனவாம்.

* * *

விஷயம் இதுதான். மாமனாருக்கு அகஸ்தீஸ்வரம் தாலுகாவில், சானலின் கடைவரம்பில், அரைக்கோட்டை விதைப்பாடு வயல் இருக்கிறது. அதை விற்றுவிடலாம் என்கிறான் மச்சினன். பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவன். "முன்ன மாதிரி அணையில தண்ணி இல்லப்பா. மழையும் குறைஞ்சு போச்சு. வயலைக் கட்டிக்கிட்டு அழுவானேன்? பிளாட் போட்டா நல்ல விலை" என்பது அவன் கட்சி. புரோக்கர் ஒருவர் மூன்று தடவை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"மாப்பிளே, நீங்க பி.காம். படிச்சவங்கல்லா? இந்தக் கணக்கைப் பாத்து, அவன் சொல்லுகது நெசந்தானான்னு சொல்லுங்க" என்றார் மாமனார்.

பி.காம். படித்தவனுக்கு இந்த நாட்டில் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்குப் போகும்போது மொய் நோட்டோடு உட்கார வைப்பார்கள். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

"நோட்டைத் தாங்க மாமா, பாத்துடறேன்."

"அவசரப்படாதீங்க. முதல்ல பாங்கைப் பாக்க வேண்டாமா? சட்டையை மாட்டுங்க, பேச்சிப்பாறைக்குப் போவோம்."

எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. ஆசிரியர் பஸ் சார்ஜ் தருகிறேன் என்றாரே!

* * *

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, குலசேகரம் வழியாக பஸ் போகிறது. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல் வரும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வயல் வந்தது. நடுநடுவே கலர் கொடி நட்ட பிளாட்டுகளும் வந்தன. தென்னையும் வாழையும் வந்தன. நாஞ்சில் நாடு என்றாலே நெல் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் இப்போது கொஞ்சம் தேடித்தான் நெல்லைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்யும். மாதச் சம்பளத்தோடு போனஸும் வருகிற மாதிரி. அதனால் நெல்லும் இரண்டு பூ. புரட்டாசியில், அதாவது மலையாளக் கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ. மாசியில், கும்ப மாதத்தில் அறுப்பது கும்பப்பூ. இதற்கென்று ஜூன் முதல் தேதி அணையைத் திறந்து, பிப்ரவரி கடைசியில் மூடுவது வழக்கம். நம் ஆபீஸ்களுக்கு ஏப்ரலில் கணக்கு தொடங்குகிற மாதிரி இவர்களுக்கு ஜூன்.

குலசேகரத்தை நெருங்கும்போது காற்றே மாறிவிடுகிறது. ரப்பர் தோட்டங்கள். ஒவ்வொரு மரத்தின் வயிற்றிலும் சாய்வாக ஒரு கீறல், கீழே பால் பிடிக்க ஒரு சிரட்டை. இறங்கி டீக்கடைக்குள் நுழைந்தோம். மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சொன்னார் மாமனார். பரிமாறிய பையன் என்னைப் பார்த்து, "சார், வெள்ளம் வேணுமா?" என்று கேட்டான்.

எனக்கு திக்கென்றது. டெல்டாக்காரன் நான். வெள்ளம் என்றால் தட்டுமுட்டுச் சாமான்களைப் பரண் மேல் ஏற்றிப் பழக்கப்பட்டவன். மாமனார் சிரித்துக்கொண்டே டம்ளரைக் காட்டினார். இந்தப் பக்கத்தில் குடிதண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர்!

* * *

பேச்சிப்பாறை அணையை முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, இவ்வளவு பெரிய ஏரியை மலைக்குள் எப்படி ஒளித்து வைத்தார்கள் என்று தோன்றும். மூன்று பக்கமும் பச்சை மலை. நடுவில் கோதையாறு கைகட்டி நிற்கிறது.

1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த அணை இது. அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலம். 1956 நவம்பர் முதல் தேதிதான் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அணையைக் கட்டிய எஞ்சினீயர் மிஞ்சின் என்ற ஐரோப்பியர். துரையின் மூக்கு கொஞ்சம் எடுப்பாக இருந்ததோ என்னவோ, ஊர் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'மூக்கன் துரை'. ஊருக்குத் திரும்பிப் போகாமல் இங்கேயே அடங்கிவிட்டார். அணைக்குப் பக்கத்தில் அவர் சமாதி இருக்கிறது.

மாமனார் அணைச் சுவரில் அடிக்கணக்கு எழுதியிருக்கும் இடத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். பேப்பரில் போட்டிருந்தது சரிதானா என்று சரிபார்க்கிறாராம்! ஆடிட்டர் தோற்றார்.

"மாமா, பேச்சிப்பாறை 48 அடி. பெருஞ்சாணி 77 அடி. அப்ப பெருஞ்சாணிலதானே தண்ணி அதிகம்?"

"அடியில என்ன இருக்கு மாப்பிளே? அது ஒடுங்கின பள்ளம், ஆழம் ஜாஸ்தி. இது விரிஞ்சு கிடக்கு. 48 அடியானாலும் வெள்ளம் இதுலதான் கூடுதல். அடி வேற, வெள்ளம் வேற."

ராத்திரி படித்த பனியாறு சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் இதே பிரச்னைதான்!

"மாமா, இப்படி நிழல்ல உக்காருங்க. உங்களுக்கு ஒரு கதை சொல்றேன்" என்றேன்.

* * *

பனியாறு என்றால் 'டைட்டானிக்'கை மோதிக் கவிழ்த்ததே, அந்த மாதிரிக் கடலில் மிதக்கிற கட்டி அல்ல. மலைச்சரிவில் வருஷக் கணக்காகப் பெய்த பனி, ஒன்றன் மேல் ஒன்று அமுங்கிக் கல் மாதிரி ஐஸாகி, தன் கனத்தாலேயே மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகர்கிறது. நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் ஆறுதான்.

இந்த ஆற்றுக்கும் வரவு செலவு உண்டு. குளிர்காலத்தில் பெய்கிற பனி வரவு. கோடையில் உருகி ஓடுவது செலவு. பனியாற்றுக்காரர்களின் கணக்கு வருஷம் அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. கோடை முடிந்து, அடுத்த பனி விழுவதற்கு முன்னால் கணக்கை முடித்து 'பாலன்ஸ்' எடுக்கிறார்கள். பிளஸ்ஸா, மைனஸ்ஸா?

"எப்படி அளக்காவ?" என்றார் மாமனார், சுவாரஸ்யமாகி.

சொன்னால் சிரிப்பீர்கள். கம்பு நட்டுத்தான்! நீராவியைப் பீய்ச்சுகிற கருவியால் ஐஸில் ஆழமாகத் துளை போட்டு, நீளமான அலுமினியக் கம்பை இறக்கி விடுகிறார்கள். போன செப்டம்பரில் கம்பு ஐஸுக்கு மேலே ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது, இந்த செப்டம்பரில் இரண்டு மீட்டர் நீட்டுகிறது என்றால் என்ன அர்த்தம்? கம்பு வளரவில்லை ஐயா! சுற்றியிருந்த ஐஸ் ஒரு மீட்டர் கரைந்துவிட்டது. நம் ஹிமாசலப் பிரதேசத்தில் சோட்டா ஷிக்ரி என்று ஒரு பனியாறு. 2002 முதல் அதில் நம்மவர்களும் இப்படி அளக்கிறார்கள். அங்கே மூங்கில் கம்பு.

ஒரு கம்பு போதாது. மலை உச்சியில் பனி சேரும், அடிவாரத்தில் உருகும். அதனால் மேலிருந்து கீழ் வரை பத்துப் பதினைந்து கம்புகள். ஒவ்வொரு கம்பும் தன்னைச் சுற்றியுள்ள பரப்புக்குப் பிரதிநிதி, வார்டு கவுன்சிலர் மாதிரி. அந்தந்தப் பரப்பால் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கணக்கு.

இனிமேல்தான் மாமனாரின் 'அடி வேற, வெள்ளம் வேற'. குளிர்காலக் கடைசியில் போய் நீளக் கம்பியைக் குத்திப் பார்த்தால் ஒன்றரை மீட்டர் பனி இருக்கிறது என்று வையுங்கள். சந்தோஷப்பட முடியாது. ஒரு மூட்டை பஞ்சும் ஒரு மூட்டை நெல்லும் ஒரே எடையா? பனி பஞ்சு, ஐஸ் நெல். அதனால் பனியில் ஆளுயரக் குழி தோண்டி, அடுக்கடுக்காக வெட்டி எடுத்து எடை போடுகிறார்கள். எல்லாவற்றையும் 'உருக்கினால் எவ்வளவு தண்ணீர்' என்று மாற்றிக்கொள்கிறார்கள். டாலர், தினார் எல்லாவற்றையும் ரூபாயாக்கிக் கணக்கு எழுதுகிற மாதிரி. ஒன்றரை மீட்டர் பனி சுமார் 60 சென்டிமீட்டர் தண்ணீர் ஆகலாம். ஒரு மீட்டர் ஐஸ் என்றால் 90 சென்டிமீட்டர். ஆக, நம் உதாரணத்தில் குளிர்கால வரவு 60, கோடைச் செலவு 150, பாலன்ஸ் மைனஸ் 90. வட்டிக் கடைக்காரர் வாசலில் நிற்கிற கேஸ்!

துருவப் பக்கத்துப் பனியாறுகளில் இன்னொரு குறும்பும் உண்டு. மேலே உருகிய தண்ணீர் எல்லாம் ஓடிவிடுவதில்லை. கொஞ்சம் கீழே இறங்கி, அங்கிருக்கிற குளிரில் மறுபடி உறைந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. வீட்டுக்காரி அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைக்கிற சில்லறை மாதிரி. மேலே பார்த்தால் செலவு. உள்ளே பார்த்தால் சேமிப்பு. இதையும் தேடிப் பிடித்துக் கணக்கில் ஏற்ற வேண்டும்.

"பெரிய பாடாக்கும்" என்றார் மாமனார். "அந்த ஆத்துக்குப் பேரு என்ன?"

"இரண்டு இருக்கு மாமா. ஒண்ணு மித்ரே லோவன்பிரீன். இன்னொண்ணு ஆஸ்ட்ரே புரோகர்பிரீன்."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புரோக்கரா? அங்கேயும் வந்துட்டானா?"

இல்லை, அது நார்வே நாட்டு நிலவியல் அறிஞர் ஒருவரின் பெயர் என்று சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

* * *

இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற சின்னப் பனியாறுகள். ஒவ்வொன்றும் ஐந்தாறு சதுர கிலோமீட்டர்தான். அருகில் நீ-ஓலசுண்ட் என்ற குட்டி ஊர். (பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி தூரம் போன மாதிரி.) ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய ஊர், இப்போது விஞ்ஞானிகளின் ஊர். 2008 ஜூலை முதல் தேதி நம் நாடும் அங்கே ஒரு வீடு பிடித்தது. 'ஹிமாத்ரி' என்று பெயர். கோவாவில் இருக்கிற தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் அதை நடத்துகிறது. நம்மவர்களும் அங்குள்ள பனியாறுகளில் கம்பு நட்டு அளந்திருக்கிறார்கள்.

அங்கே வேலை பார்ப்பது நம் ஆபீஸ் மாதிரி இல்லை. அக்டோபர் கடைசியில் லீவில் போகிற சூரியன் பிப்ரவரியில்தான் டியூட்டிக்குத் திரும்பும். ஊரைத் தாண்டினால் கையில் துப்பாக்கி வேண்டும், பனிக்கரடிக்காக. "சார், கரடி வந்துருச்சு, இன்னிக்கு லேட்" என்று சொன்னால் அங்கே மேனேஜர் நம்பித்தான் ஆக வேண்டும்!

அது சரி, பெரிய பெரிய பனியாறுகள் எல்லாம் இருக்க, இந்தக் குட்டிகளை ஏன் அளக்கிறார்கள்? முதல் காரணம், இரண்டு மூன்று ஆட்கள் நடந்தே போய் அளந்துவிடலாம். இரண்டாவது, இவை நிலத்திலேயே முடிந்துவிடுகின்றன. கடலில் போய் முடிகிற பனியாறு துண்டு துண்டாக உடைந்து கடலில் விழும். அந்தச் செலவுக்கு ரசீது கிடைக்காது. மூன்றாவது காரணம்தான் முக்கியம். சின்னது சீக்கிரம் சொல்லிவிடும். மாசச் சம்பளக்காரன் வீட்டில் வெங்காய விலை ஏறினால் அன்றைக்கே தெரியும். பணக்காரன் வீட்டில் தெரிய நாளாகும்.

நார்வே துருவக் கழகம் புரோகர்பிரீனை 1967-லிருந்தும், லோவன்பிரீனை 1968-லிருந்தும் விடாமல் அளந்து வருகிறது. ஸ்வீடனில் ஸ்டோர்கிளாசியாரன் என்ற இன்னொரு சின்னப் பனியாற்றை 1946 முதலே அளக்கிறார்கள். உலகத்திலேயே நீளமான கணக்குப் புத்தகம் அதுதான். அன்றைக்குக் கம்பு நட்டவர்கள் இன்றைக்கு இல்லை. அடுத்த ஆள் வந்து அதே சரிவில் ஏறி, அதே விதமாக அளந்து எழுதுகிறார்.

கம்புக் கணக்கு தப்பாகிவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். காமர்ஸ் படித்தவர்களுக்கு பாங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் ஞாபகம் இருக்கும். நம் நோட்டையும் பாங்க் நோட்டையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்ப்பது. அதுபோல விமானத்திலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் பனியாற்றின் உயரத்தை அளந்து, பத்து வருஷத்துக்கு முன் எடுத்த மேப்போடு ஒப்பிடுகிறார்கள். பனியாறே சுருங்குவதால் பழைய மேப்பை வைத்துப் பரப்பைப் பெருக்கினாலும் தப்பாகிவிடும்.

"இங்கேயும் அதுதான்" என்றார் மாமனார். "நூறு வருஷத்துக்கு மேல மலையிலேருந்து வண்டல் வந்து அடியில கிடக்குல்லா? சுவர்ல கோடு அதே கோடு. உள்ள வெள்ளம் அதே வெள்ளமா?"

மனிதர் பி.எச்டி. வாங்க வேண்டியவர்!

* * *

"சரி மாப்பிளே, கடைசியில கணக்கு என்ன ஆச்சு?"

சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் பிளஸ் வந்த வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் மைனஸ். சராசரியாக வருஷத்துக்குச் சுமார் அரை மீட்டர் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. பனியாற்றில் ஒரு உயரத்தில் வரவும் செலவும் சமமாக இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே லாபம், கீழே நஷ்டம். இந்தக் குட்டிப் பனியாறுகளில் சில வருஷம் அந்தக் கோடு பனியாற்றின் தலைக்கு மேலேயே போய்விடுகிறது. அதாவது கம்பெனியில் லாபம் பார்க்கிற டிபார்ட்மென்ட்டே இல்லை. குளிர்காலப் பனி பெரிதாகக் குறைந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. கோடைதான் சூடாகிவிட்டது. சம்பளம் அதேதான், செலவுதான் கட்டுக்குள் இல்லை.

உலகத்தில் பனியாறுகள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஆள் போய்க் கம்பு நட்டது சில நூறுதான். அந்தக் கம்புக் கணக்கையும் செயற்கைக்கோள் கணக்கையும் சேர்த்து 2025 பிப்ரவரியில் ஒரு பெரிய ஆய்வு வெளியாயிற்று. 2000 முதல் 2023 வரை உலகப் பனியாறுகள் வருஷத்துக்குச் சராசரியாக 27,300 கோடி டன் ஐஸை இழந்திருக்கின்றன.

கோடி டன் என்றால் எனக்கும் புரியாது. அணைக்கரையில் உட்கார்ந்தபடியே செல்போனில் கணக்குப் போட்டேன். இந்தப் பேச்சிப்பாறை நிறைய நிறையத் தண்ணீர் இருந்தால், அந்த மாதிரி ஏறக்குறைய இரண்டாயிரம் பேச்சிப்பாறை. ஒரு வருஷத்துக்கு! தினமும் ஐந்து பேச்சிப்பாறை காலி.

மாமனார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவும் எங்கே போவுது?"

"கடலுக்குத்தான் மாமா. அந்த 23 வருஷத்துல இதனால மட்டும் கடல் 18 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கு."

18 மில்லிமீட்டர் என்றால் கட்டைவிரல் அகலம். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். இது பனியாறுகளின் பங்கு மட்டும்தான். கிரீன்லாந்து, அண்டார்டிகா பெரும் பனிப்படலங்களின் பங்கு தனி. சூட்டில் கடல் தண்ணீரே விரிவது தனி. மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு முக்கடல் சங்கமம் என்று போட்டோ எடுத்துக்கொள்கிற நாம், அந்தக் கணக்கை அலட்சியமாகத் தள்ள முடியாது. 79 டிகிரியில் உருகினாலும் கடல் ஒன்றுதான்.

"முக்கடல் அணையிலேயும் மைனஸ் உண்டு, கேட்டீங்களா?" என்றார் மாமனார். நாகர்கோவிலுக்குக் குடிதண்ணீர் தருகிற அணை அது. 25 அடி. பூஜ்யம் என்று குறித்திருக்கும் கோட்டுக்கும் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் பேப்பரில் 'மைனஸ் இத்தனை அடி' என்றே போடுவார்கள். "ஆனா ஒரு மழை பேஞ்சா பிளஸ் ஆயிரும். அந்த ஆத்துல மைனஸை எப்படி அடைப்பாவ?"

நான் பதில் சொல்லவில்லை. நம் அணை சேமிப்புக் கணக்கு, எடுப்போம், போடுவோம். பனியாறு, தாத்தா காலத்து ஃபிக்ஸட் டெபாசிட். அதை உடைத்துச் செலவு செய்துகொண்டிருக்கிறோம். சூடு குறைந்தால் உடைப்பது குறையும். போனதைத் திரும்பப் போட நம் ஆயுசு போதாது.

2025-ஐ சர்வதேசப் பனியாறு பாதுகாப்பு ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. மார்ச் 21-ஐ உலகப் பனியாறுகள் தினம் ஆக்கியிருக்கிறார்கள். ஒன்றுக்கு 'தினம்' கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள் என்றாலே அதற்கு உடம்பு சரியில்லை என்றுதான் அர்த்தம்.

* * *

ராத்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பாச்சை உருண்டை வாசனையோடு 36 வருஷம் வெளியே வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, முக்கியமான தேதிகளை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்து, "கரண்டு போனா அழிஞ்சிராதே?" என்று பத்து தடவை கேட்டார்.

மச்சினன் சொன்னது நிஜமா?

இல்லை. அணையில் தண்ணீர் குறைந்த வருஷங்கள் உண்டு. பயிரே இல்லாமல் போன வருஷம்கூட ஒன்று உண்டு. அந்தப் பக்கங்களில் மாமனாரின் எழுத்தே சின்னதாகிவிட்டது. ஆனால் அடுத்த மழையில் எண் மறுபடி மேலே வந்திருக்கிறது. 36 வருஷத்தில் அந்த எண் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஒரேயடியாக விழவில்லை.

ஒரேயடியாக விழுந்திருந்தது இரண்டாவது குறிப்பு. 'மடை வந்தது', 'மடை வரல்லை' என்று எழுதுகிறாரே, அது! முதல் டைரிகளில் அணை திறந்து ஏழெட்டு நாளில் அவர் வயல் மடைக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது. நடுவில் பத்து நாள், பன்னிரண்டு நாள். சமீபத்திய டைரிகளில் மூன்று வாரம் தாண்டியும் 'மடை வரல்லை'. அணையில் அதே தண்ணீர் இருந்தும்!

தண்ணீர் போகவில்லை மாமா, வழிதான் போய்விட்டது என்றேன். சானலில் பாசி, பிளாஸ்டிக், மண். கரையோரம் முளைத்த பிளாட்டுகள். முன்பு பத்துப் பேர் மண்வெட்டியோடு இறங்கித் தூர் எடுப்பார்களாம். வயலை விற்றவனுக்குச் சானல் எதற்கு? ஒவ்வொரு வயல் பிளாட் ஆகும்போதும் தூர் எடுக்க ஒரு ஆள் குறைகிறான். கடைவரம்பில் இருப்பவனுக்குத் தண்ணீர் ஒரு நாள் பின்னால் போகிறது. கடைசி ஆள் என் மாமனார்.

அணைச் சுவரில் மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. பனியாற்றில் மேலிருந்து கீழ் வரை கம்பு நடுகிறார்களே, ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

மச்சினனுக்கு போன் போட்டு விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "சரி அத்தான், இந்த கும்பப்பூவுக்கு விதைக்கட்டும். அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றான். அவன் மனசு மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பிளாட் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. புரோக்கர் நாலாவது தடவையும் காபி குடிக்க வருவார். ஆனால் 'அணையில் தண்ணி இல்லை' என்ற காரணம் மட்டும் இனி செல்லாது. டைரிக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மீதியிருக்கிற நாலைந்து வயல்காரர்களை அழைத்துப்போய்ச் சானலைத் தூர் எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்கப் போகிறார் மாமனார். போனது மலைப் பனி இல்லையே. மண்வெட்டி எடுத்தால் திரும்பி வருகிற நஷ்டம்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது அந்த வருஷத்து டைரியை என் கையில் கொடுத்தார்.

"கை நடுங்குகு மாப்பிளே. கோடு கோடாப் போவுது. இனி நீங்க எழுதுங்க. நான் போன்ல சொல்லுகேன்."

இப்போது தினமும் காலை எட்டரை மணிக்கு, நான் ஒரு கையில் டிபன் டப்பாவும் மறு கையில் பஸ் கம்பியுமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கும். மாமனார் இரண்டே விஷயம் சொல்வார். ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அதை டைரியில் எழுதிவிடுவேன். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஷேரா?" என்றார்.

"ஆமா சார். கொஞ்சம் பழைய கம்பெனி" என்றேன்.

நேற்று வந்த போனில் மாமனார் முதலில் அணைக்கணக்கைச் சொல்லவில்லை.

"மாப்பிளே, எழுதிக்கிடுங்க. மடை வந்தாச்சு!"

(பஸ் சார்ஜ் இன்னும் வரவில்லை, ஆசிரியர் கவனிக்கவும்.)